நேற்று ராத்திரி கொசுவலைக்குள் படுத்தது யார்?

ஒரே நாடு, ஒரே நோய். மலேரியாவால் வருஷத்துக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கேட்டால் மூன்று பதில்கள்!

அந்த நாடு இந்தியா. 2010-ஆம் ஆண்டு வாக்கில் அரசாங்கக் கணக்கு சொன்னது சுமார் 1,000. உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது சுமார் 15,000. அதே 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு சொன்னது 2,05,000. அதுவும் 70 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும்.

முதல் எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இருநூறு மடங்கு வித்தியாசம். ஒரு மளிகைக் கடையின் வருஷக் கணக்கில் இப்படி வந்தால் கணக்குப்பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணிய இடம்தான் வேறு. அரசாங்கக் கணக்கு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ரத்தம் சோதித்து, மலேரியா என்று உறுதியான சாவுகளின் கணக்கு. மூன்றாவது கணக்கு வீட்டு வாசலில் எடுத்தது. 2001-லிருந்து 2003 வரை சாவு நடந்த வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் போனார்கள். கடைசி நாட்களில் என்ன ஆயிற்று, காய்ச்சல் எப்படி வந்தது, குளிர் நடுக்கம் இருந்ததா என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிவந்தார்கள். அந்தத் தாள்களை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறித்தார்கள். அப்படி மலேரியா என்று குறிக்கப்பட்ட சாவுகளில் 86 சதவீதம் எந்த மருத்துவமனையிலும் நிகழாதவை.

உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்கவில்லை. காய்ச்சலோடு வருகிற நோய்கள் பல, வீட்டார் சொல்வதை வைத்து மலேரியா என்று முடிவுகட்ட முடியாது என்றார்கள். நியாயமான ஆட்சேபணைதான். 2,05,000 என்பது கூடுதலாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு விஷயம் மிச்சம் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு வராமலே இறந்தவரின் பெயர் ஆஸ்பத்திரி நோட்டில் இருக்காது.

இது செத்தவர்களின் கணக்கு. உயிரோடு இருப்பவர்களின் கணக்கிலும் இதே ஓட்டை உண்டு. எத்தனை பேர் கொசுவலைக்குள் தூங்குகிறார்கள்? காய்ச்சல் வந்த குழந்தைக்கு என்ன மருந்து, எத்தனை நாள் கழித்துக் கிடைத்தது? இதை எந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரும் சொல்லாது. வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

குடோனுக்குள் போய் எண்ணுவது

பி.காம். படிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஸ்டாக் ரிஜிஸ்டரில் 500 மூட்டை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, குடோனுக்குள் போய் மூட்டைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஆடிட்டிங் பாடத்தில் சொல்லித்தருவார்கள்.

மலேரியா ஒழிப்பிலும் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. இத்தனை லட்சம் கொசுவலை கப்பலில் வந்தது, லாரியில் போனது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்திக் கொடுத்தாயிற்று என்று அது சொல்லும். அதோடு அதிகாரிகளின் கணக்கு முடிந்துவிடும். அந்த வலை ராத்திரி எந்தப் பாயின் மேல் தொங்குகிறது என்பது ரிஜிஸ்டருக்குத் தெரியாது.

2000 ஏப்ரல் 25-ல் நைஜீரியாவின் அபுஜா நகரில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி ஒரு உறுதிமொழி எடுத்தார்கள். 2005-க்குள் மலேரியா வந்தவர்களில் குறைந்தது 60 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்தில் சரியான சிகிச்சை. ஆபத்தில் இருப்பவர்களில், முக்கியமாகக் குழந்தைகளிலும் கர்ப்பிணிகளிலும், 60 சதவீதம் பேருக்கு மருந்து தோய்த்த கொசுவலை. சொல்வது சுலபம். 60 சதவீதம் வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்காகவே 'மலேரியா குறியீட்டு ஆய்வு' என்ற வீட்டு சர்வே உருவாக்கப்பட்டது. 1984-லிருந்து அமெரிக்க அரசின் நிதியில் ஏழை நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, உடல்நல சர்வேக்களின் முறையையே இதுவும் எடுத்துக்கொண்டது.

இந்த சர்வே என்ன சாதிக்கும், எங்கே சறுக்கும் என்று பார்க்க உகாண்டா நல்ல உதாரணம். நாட்டின் பெரும்பகுதியில் வருஷம் முழுக்க மலேரியா. 2009, 2014-15, 2018-19 என்று பத்து வருஷத்தில் மூன்று முறை ஒரே மாதிரியான கேள்விகளோடு இந்த சர்வே அங்கே நடந்திருக்கிறது.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

2014-15 சர்வேயில் நாடு முழுவதிலுமிருந்து 210 சிறு பகுதிகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் எல்லா வீடுகளையும் பட்டியல் போட்டு, அதிலிருந்தும் குலுக்கலில் வீடுகளைத் தேர்ந்தார்கள். மொத்தம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்.

பட்டியலில் உள்ள வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. திரும்பத் திரும்ப அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஏன் இந்தப் பிடிவாதம்? பகலில் வீட்டில் இருப்பவர்களும் விடிந்ததும் காட்டுக்கும் சந்தைக்கும் போய்விடுபவர்களும் ஒரே மாதிரி வாழ்பவர்கள் இல்லை. கிடைத்தவர்களை மட்டும் கேட்டால் கிடைத்தவர்களின் கணக்குதான் வரும்.

உள்ளே போனதும் முதலில் நேற்று ராத்திரி இந்த வீட்டில் தூங்கியவர்கள் யார் யார் என்று பட்டியல். விருந்துக்கு வந்து தங்கியவரும் இதில் சேர்த்தி. பிறகு வீட்டில் எத்தனை கொசுவலை இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவற்றைக் காட்டச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வலையாக, இது எந்தக் கம்பெனி வலை, எப்போது வந்தது, இதற்குள் நேற்று ராத்திரி யாராவது படுத்தார்களா, யார் யார் படுத்தார்கள்?

'வழக்கமாக வலைக்குள் படுப்பீர்களா?' என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். பல் தேய்ப்பீர்களா என்று கேட்பதைப் போல! 'நேற்று ராத்திரி' என்று கேட்டால் நினைவு தப்பாது. வலையை முன்னால் வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கேட்கும்போது கற்பனையாகச் சொல்வதும் கொஞ்சம் கஷ்டம்.

அடுத்து, ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால், கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்ததா? எங்கே காட்டினீர்கள்? விரலிலோ குதிகாலிலோ குத்தி ரத்தம் எடுத்தார்களா? என்ன மருந்து, எத்தனையாவது நாளில்? இதற்குப் பிறகு பெற்றோர் சம்மதித்தால் குழந்தையின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அதில் ரத்தசோகை உண்டா, மலேரியாக் கிருமி உண்டா என்று பார்க்கிறார்கள். உடனடிப் பரிசோதனையில் மலேரியா என்று வந்தால் அங்கேயே மருந்தும் கொடுக்கிறார்கள். கேள்வி கேட்டுவிட்டு நோயாளிக் குழந்தையை அப்படியே விட்டுவிட்டு வருவது தர்மம் இல்லையே.

90, 79, 69

2009 சர்வேயில் உகாண்டா வீடுகளில் 47 சதவீதத்தில்தான் ஒரு மருந்து தோய்த்த வலையாவது இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குதான் முந்தின ராத்திரி வலைக்குள் படுத்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த வயதுக் குழந்தைகளில் 42 சதவீதம் பேரின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி!

2013-14-ல் நாடு முழுவதும் 2 கோடிக்கும் மேற்பட்ட வலைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்த சர்வேயில் 90 சதவீத வீடுகளில் வலை இருந்தது. கிருமி இருந்த குழந்தைகள் 19 சதவீதமாகக் குறைந்தார்கள்.

ஆனால் மொத்த மக்களில் முந்தின ராத்திரி வலைக்குள் தூங்கியவர்கள் 69 சதவீதம்தான். 90 எங்கே, 69 எங்கே? நடுவில் உள்ள 21 எங்கே போயிற்று?

இந்த இடத்தில்தான் பழைய பேச்சு வரும். "கொடுத்தாலும் உபயோகிக்க மாட்டார்கள். படிப்பறிவு இல்லை. மூடநம்பிக்கை." 2008-ல் விக்டோரியா ஏரிக்கரை மீனவ கிராமங்களில் கொசுவலையை மீன் பிடிக்கவும் சின்ன மீன்களைக் காயவைக்கவும் பயன்படுத்துவதாக ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. படம் பார்க்க நன்றாக இருக்குமே! பத்திரிகைகளுக்கும் அதுவே தோதான கதையாகிவிட்டது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் ஐந்து பேர், ஒரே ஒரு வலை. 'வலை உள்ள வீடு' என்ற கணக்கில் இந்த வீடு பாஸ். ஆனால் ஒரு வலைக்குள் இரண்டு பேர்தான் படுக்க முடியும் என்பது கணக்கு. இந்த வீட்டார் ஒரு ராத்திரிகூடத் தவறாமல் வலை கட்டினாலும் உபயோகம் 40 சதவீதத்தைத் தாண்டாது. மிச்சம் மூன்று பேரை என்ன சொல்லித் திட்டுவது?

அதனால் சர்வேக்காரர்கள் நடுவில் இன்னொரு எண்ணைச் சேர்த்தார்கள். வீட்டில் உள்ள வலைகளை இரண்டால் பெருக்கி, அத்தனை பேருக்கு இடம் உண்டு என்று வைத்துக்கொண்டால், மொத்த மக்களில் எத்தனை பேருக்கு வலைக்குள் இடம் இருக்கிறது? உகாண்டாவில் 2014-15-ல் அது 79 சதவீதம். இரண்டு பேருக்கு ஒன்று என்று போதுமான வலை இருந்த வீடுகள் 62 சதவீதம்தான்.

இப்போது மறுபடி பார்த்தால், 79 பேருக்கு இடம் இருந்தது, 69 பேர் படுத்தார்கள். இடம் கிடைத்தவர்களில் ஏறக்குறைய எட்டில் ஏழு பேர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சோம்பேறித்தனம், அறியாமை என்று சொல்லப்பட்ட 21-ல் பாதிக்கு மேல் வெறும் வலைப் பற்றாக்குறை!

உகாண்டாவில் மட்டும் இப்படி இல்லை. 15 நாடுகளின் சர்வேக்களைச் சேர்த்துப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வலைக்குள் படுக்காததற்கு முதல் காரணம் வீட்டில் வலை இல்லாததுதான் என்றது. மீன்பிடி வலைக் கதை அந்த ஏரிக்கரையில் உண்மை. ஆனால் நாடு தழுவிய சர்வேக்களில் அது பரவலான பழக்கமாகத் தெரியவில்லை என்று 2011-ல் ஒரு கட்டுரை எடுத்துக்காட்டியது. ஒரு போட்டோவுக்கு எதிராக ஆயிரக்கணக்கான வீடுகளின் பதில்.

சர்வே செய்த பெரிய உபகாரம் இதுதான். பழியை வீட்டுக்காரர் தலையிலிருந்து எடுத்து, எண்ணிக் கொடுத்தவர்கள் தலையில் வைத்தது. 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று போஸ்டர் அடிப்பதா, இன்னும் ஒரு லாரி வலை அனுப்புவதா என்பது இந்த ஒரு வகுத்தல் கணக்கில் முடிவாகிற விஷயம்.

ஓசியில் வந்தால் மதிப்பு உண்டா?

"ஓசியில் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள். பத்து ரூபாயாவது வாங்கினால்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்." தமிழ்நாட்டு டீக்கடையில் இலவச டிவி பற்றிக் கேட்ட அதே வசனம், வலை விஷயத்தில் பெரிய பெரிய நிபுணர்கள் வாயிலும் வந்தது. காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்குத்தான் அது உண்மையிலேயே தேவை என்பது பொருளாதாரப் புத்தகத்தில் உள்ள வாதம். கேட்க நியாயமாகவே இருக்கும்.

ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை மேற்குக் கென்யாவில் சோதித்தார்கள். கர்ப்பிணிகள் வரும் கிளினிக்குகளில் வலையின் விலையைக் குலுக்கல் முறையில் மாற்றினார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சின்ன விலை, அதிகபட்சம் அமெரிக்கப் பணத்தில் 60 சென்ட். அந்த 60 சென்ட்டும் வலையின் முழு விலை இல்லை, அதில் பத்தில் ஒரு பங்குதான். மிச்சம் மானியம்.

2010-ல் வெளியான முடிவு இது. இலவசத்திலிருந்து 60 சென்ட்டுக்குப் போனதும் வலை வாங்கியவர்கள் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்தார்கள். சரி, காசு கொடுத்து வாங்கியவர்களாவது ஒழுங்காக உபயோகித்தார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய், வலை கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இலவசமாக வாங்கியவர்கள் குறைவாக உபயோகித்ததாக எந்தத் தடயமும் இல்லை.

அதாவது விலை வைத்ததால் பொறுப்பு கூடவில்லை, கூட்டம் குறைந்தது. அதுவும் கையில் காசில்லாத கர்ப்பிணிகள் குறைந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே வலைகளை இலவசமாகவோ பெரும் மானியத்திலோ எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தது. கென்ய ஆய்வு அதற்குப் பலம் சேர்த்தது. இங்கேயும் விவாதத்தைத் தீர்த்தது கிளினிக் பில் புத்தகம் இல்லை. வீட்டுக்குள் போய் மேலே அண்ணாந்து பார்த்ததுதான்.

காய்ச்சலா, மலேரியாவா?

இதுவரை வந்தது தடுப்பு. சிகிச்சை விஷயத்தில் சர்வே இவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை.

உகாண்டாவின் லுகாண்டா மொழியில் 'ஒமுசுஜ்ஜா' என்றால் காய்ச்சல். மலேரியாவுக்கும் பேச்சு வழக்கில் அதே சொல்தான். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் 'கொசுக் காய்ச்சல்' என்று சேர்த்துச் சொல்வார்கள். தாய் மட்டும் இப்படி நினைத்தாள் என்று இல்லை. 2010 வரை டாக்டர்களும் ஏறக்குறைய அப்படித்தான் வைத்தியம் செய்தார்கள். மலேரியா அதிகமுள்ள ஊரில் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சோதிக்காமலே மலேரியா மருந்து கொடுக்கலாம் என்பதுதான் அப்போதைய விதி. அதனால் சர்வேயும் காய்ச்சல் வந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு மலேரியா மருந்து கிடைத்தது என்று எண்ணியது. எண் கூடினால் சந்தோஷம்.

2010-ல் உலக சுகாதார நிறுவனம் விதியை மாற்றியது. முதலில் ரத்தம் சோதிக்க வேண்டும், கிருமி இருந்தால்தான் மருந்து. அன்றோடு பழைய எண்ணின் அர்த்தமே தலைகீழ். காய்ச்சல் வந்த குழந்தைக்கு மலேரியா மருந்து கொடுக்கவில்லை என்றால் அது கவனக்குறைவாகவும் இருக்கலாம், சோதித்துப் பார்த்து மலேரியா இல்லை என்று அறிந்து செய்த நல்ல வைத்தியமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே கட்டத்தில் விழும்!

"அப்படியானால் தாயிடம் கேட்டுவிடலாமே, சோதித்தார்களா, முடிவு என்ன என்று?" கேட்டுப் பார்த்தார்கள். சாம்பியாவில், கிளினிக்கில் நடந்ததை நேரில் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு வீட்டில் தாய் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். 2013-ல் வந்த முடிவு, தாய் நினைவிலிருந்து சொல்வதை நம்பி மலேரியா சிகிச்சையை அளக்க முடியாது என்பதுதான். இதில் தாயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளினிக்கில் சோதனை முடிவை அவளுக்கு யாராவது நிதானமாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டுமே.

இதன் பின்னால் காசு விஷயமும் உண்டு. ஆப்பிரிக்காவில் நிறையப் பேர் காய்ச்சலுக்கு முதலில் போவது ஊர் மருந்துக்கடைக்குத்தான். கடையில் நல்ல மலேரியா மருந்து மலிவாகக் கிடைக்கட்டும் என்று மானியம் கொடுத்தால்? அதே கோஹனும் டூபாவும் சிமோன் ஷேனருடன் சேர்ந்து கென்யாவில் இதையும் சோதித்து 2015-ல் எழுதினார்கள். பெரிய மானியத்தால் மருந்து கிடைப்பது வெகுவாகக் கூடியது. ஆனால் மானிய மருந்தில் கிட்டத்தட்ட பாதி மலேரியாவே இல்லாதவர்களின் வயிற்றுக்குள் போயிற்று. வலையை இலவசமாகக் கொடு என்பது சரியான பதில். மருந்தை மலிவாகக் கொடு என்பது பாதிப் பதில்தான். கூடவே சோதனையும் வேண்டும். இரண்டையும் 'மானியம் நல்லதா கெட்டதா' என்று ஒரே பட்டிமன்றத்தில் அடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆடிட்டருக்குத் தெரியாத இடங்கள்

குடோனுக்குள் போகிற ஆடிட்டரும் எல்லா மூலையையும் பார்த்துவிடுவதில்லை.

முதலாவது, எதை வைத்து அளக்கிறோம் என்பது. 2014-15-ல் அதே உகாண்டா குழந்தைகளுக்கு நுண்ணோக்கிக் கணக்கு 19 சதவீதம், உடனடிப் பரிசோதனை அட்டையின் கணக்கு 30 சதவீதம். அட்டை கிருமியைத் தேடுவதில்லை, கிருமி விட்டுச்சென்ற புரதத்தைத் தேடுகிறது. நோய் குணமாகிச் சில வாரங்கள் வரைக்கும் அது ரத்தத்தில் இருக்கும். விஷயம் தெரியாமல் ஒரு வருஷத்து அட்டைக் கணக்கையும் இன்னொரு வருஷத்து நுண்ணோக்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இல்லாத முன்னேற்றமும் தெரியும், இல்லாத சரிவும் தெரியும்.

இரண்டாவது, சராசரி. 19 என்பது நாட்டுச் சராசரி. தலைநகர் கம்பாலாவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கிழக்கு மத்தியப் பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. கம்பாலாவில் உட்கார்ந்து 19 என்று படிப்பவருக்கு இரண்டு ஊருமே கண்ணில் படாது.

மூன்றாவது, யாரைச் சோதிக்கிறார்கள் என்பது. ரத்தம் எடுப்பது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மட்டும். சாவு அதிகம் அந்த வயதில்தான் என்பதால் இது நியாயமே. ஆனால் வலைக்குள் படுப்பது மிகவும் குறைவாக இருப்பது பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளிடம். கைக்குழந்தை அம்மாவோடு வலைக்குள் படுக்கும். பெரிய பையன்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். அங்கே வலை கட்ட ஆணியும் இருக்காது. அவர்களிடமிருந்து கொசு கிருமியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும்.

நான்காவது, நேரம். வடக்கு உகாண்டாவின் 10 மாவட்டங்களில் வீட்டுச் சுவருக்குக் கொசு மருந்து அடிக்கும் வேலை 2014-ல் நிறுத்தப்பட்டது. சர்வேக்காரர்கள் 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் வீடு வீடாகப் போனார்கள். 2015-லேயே அந்தப் பகுதியில் மலேரியா மறுபடி பொங்கி எழுந்தது. சர்வே அறிக்கையில் இருந்தது பொங்குவதற்கு முந்தைய நிலை. மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற போட்டோவில் நடுவில் நடந்தது விழாது. அதற்கு ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்தான் வேண்டும். ரிஜிஸ்டரைக் குறை சொல்லி ஆரம்பித்த கதை, ரிஜிஸ்டர் இல்லாமலும் முடியாது என்று வந்து நிற்கிறது. தினசரி வரவு செலவும் வேண்டும், வருஷக் கடைசித் தணிக்கையும் வேண்டும் என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம்தானே.

தணிக்கைக்கு யார் காசு கொடுப்பது?

2018-19 சர்வேயில் உகாண்டா குழந்தைகளில் கிருமி இருந்தவர்கள் 9 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். 42, 19, 9. பெரிய சாதனை. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரிசையும் உண்டு. வலைக்குள் தூங்கியவர்கள் 69-லிருந்து 59-ஆக இறங்கிவிட்டார்கள். வலை உள்ள வீடுகள் 90-லிருந்து 83. வலை மூன்று வருஷம் உழைக்கும் என்பது கணக்கு. அதற்குள் கிழியும், வெளுக்கும். இடையில் 2017-18-ல் இன்னொரு பெரிய விநியோகம் நடந்தும் இந்த இறக்கம். முதல் வரிசையை மட்டும் படித்தவர் வெற்றி விழா கொண்டாடுவார். இரண்டாவது வரிசையையும் படித்தவர் அடுத்த ஆர்டர் போடுவார்.

ஆப்பிரிக்காவில் 2000-லிருந்து 2015-க்குள் 66 கோடிக்கும் மேற்பட்ட மலேரியா பாதிப்புகள் தடுக்கப்பட்டன, அதில் 68 சதவீதம் கொசுவலையால் என்று 2015-ல் நேச்சர் இதழ் வெளியிட்ட கணக்கு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்கு அடிப்படையே இப்படி வீடு வீடாகப் போய் எடுத்த ரத்தச் சொட்டுகளும், 'நேற்று ராத்திரி' பதில்களும்தான்.

2025 பிப்ரவரியில், நாற்பது வருஷமாக இந்த வீட்டு சர்வேக்களை நடத்திவந்த திட்டத்துக்கான பணத்தை அமெரிக்க அரசு நிறுத்தியது. களத்தில் பாதியில் இருந்த சர்வேக்களும் நின்றன. பிறகு அவற்றில் சிலவற்றை முடிப்பதற்காக கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால நிதி கொடுத்தது. வலைக்கும் மருந்துக்கும் பணம் குறைந்தால் சத்தம் கேட்கும். கணக்கெடுக்கும் பணம் நின்றால் சத்தமே வராது. யார் கத்துவார்கள்?

2023-ல் உலகத்தில் 26 கோடிக்கும் மேற்பட்ட மலேரியா பாதிப்புகள், 5,97,000 சாவுகள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. சாவுகளில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அதில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகள். இந்த எண்களில் பெரும்பகுதி மதிப்பீடு. வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது குறையக் குறைய மதிப்பீட்டில் ஊகத்தின் பங்கு கூடும். ஊகம் கூடும்போது பழைய வசனங்களுக்கும் மறுபடி வேலை வந்துவிடும். கொடுத்தால் உபயோகிக்க மாட்டார்கள், ஓசி என்றால் மதிக்க மாட்டார்கள், மீன் பிடிக்கப் போய்விடுவார்கள்...

இல்லை என்று அன்றைக்கு மறுத்துச் சொல்ல முடிந்தது, யாரோ ஒருவர் ஐந்தாயிரம் வீட்டுப் படியேறி, வலையைக் காட்டச் சொல்லி, நேற்று ராத்திரி இதற்குள் படுத்தது யார் என்று பெயர் பெயராக எழுதிவந்ததால்தான். வலை வாங்க ஒதுக்குகிற பணத்தில் ஒரு சின்னப் பங்கை அந்தப் படியேற்றத்துக்கும் ஒதுக்கிவைப்பது தண்டச் செலவு ஆகாது. எந்தக் கம்பெனியின் லாப நட்டக் கணக்கிலும் ஆடிட் ஃபீஸுக்கு என்று ஒரு வரி இருக்கும்.